குதிரை எஞ்சினுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோப்பில் குதிரை எஞ்சினுக்குத் தீ மூட்டிய அன்று மைக்கைப் பிடித்தவன் நான். பொன்னாடை போட வேண்டியவர்களுக்கெல்லாம் போட்டேன். கையெல்லாம் கரியோடு ஓரமாக நின்றவர்களை விட்டுவிட்டேன். பதற்றம்தான், வேறொன்றும் இல்லை. ராத்திரி சோறு போடும்போது அம்மா கேட்டாள்: "செங்கோட்டைத் தாத்தாவப் பத்தி ஒரு வார்த்த சொன்னியாலே?" சொல்லவில்லை. அதற்குத்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று இரண்டு பேர் கறாராகச் சொல்லிவிட்டார்கள். மற்றவர்கள் பெயரை மட்டும் போட்டால் அது வேறு வம்பு. ஊரையும் தொழிலையும் சொன்னாலே யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

வெளியூர்ச் சொந்தங்களுக்காக: இது ரயில் எஞ்சின் இல்லை, நீராவி ரோடு ரோலர். எங்கள் சொந்தத் தாத்தா ரோடு காண்ட்ராக்ட் எடுத்த காலத்தில் ஏலத்தில் வாங்கியது. இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் உள்ள ராச்செஸ்டரில் இருந்த அவெலிங் அண்ட் போர்ட்டர் கம்பெனி செய்தது. முன்னுருளைக்கு மேலே, பின்னங்காலில் எழும்பி நிற்கிற பித்தளைக் குதிரை ஒன்று இருக்கும். அது கென்டின் சின்னம். கூடவே 'இன்விக்டா' என்று லத்தீன் எழுத்து, தோல்வி காணாதது என்று அர்த்தம். ஊரில் யாருக்கு லத்தீன் வேண்டும், குதிரை எஞ்சின் என்றே நிலைத்துவிட்டது. டீசல் ரோலர் வந்தபிறகு புளியமரத்தடியில் நிறுத்தினார்கள். புகைப்பெட்டிக்குள் கோழி அடைகாத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

முதல் நன்றி தேர்க்காரர்களுக்கு. பத்து டன் இரும்பு, பின்சக்கரம் இரண்டும் ஒரு முழம் மண்ணுக்குள். முதலில் மண் அள்ளும் எந்திரத்தை வரவழைத்தோம். சங்கிலி அறுந்து, கூரைத்தூண் ஒன்று வளைந்ததுதான் மிச்சம். அப்புறம்தான் நெல்லையப்பர் தேருக்குத் தடி போடுகிற அண்ணாச்சிமார் ஆறு பேர் வந்தார்கள். சக்கரத்தடியில் தடியைச் செருகி நான்கு பேர் அமுக்க, ஒருவர் சறுக்குக்கட்டையோடு குத்தவைத்திருப்பார். ஒரு சாண் நகர்ந்ததும் கட்டை உள்ளே போகும். மறுபடி தடி, மறுபடி ஒரு சாண். நாற்பதடி தூரத்துக்கு ஒன்றரை நாள் ஆனது. கூலி கேட்டதற்கு, "ஆனித் திருவிழாவுக்கு வடம் பிடிக்க வாரும், சரியாப் போவும்" என்றார் மூத்தவர். வருகிறேன், அண்ணாச்சி.

பாய்லரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. செங்கோட்டைத் தாத்தாதான் பாடம் எடுத்தார். மீட்டர் கேஜ் ரயிலில் ஃபயர்மேனாக இருந்தவர்; 1904-இல் திறந்த செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில், ஆரியங்காவுக் குகையிலும் பதிமூன்று கண் பாலத்திலும் கரி அள்ளிப் போட்டவர். "ரோலரும் ரயிலும் அண்ணன் தம்பிதாம்லே" என்பார். பின்னால் நெருப்புப் பெட்டி, நடுவில் தண்ணீருக்குள்ளே ஓடும் குழாய்கள், முன்னால் புகைப்பெட்டி. வேலை முடிந்த நீராவி புகைபோக்கி வழியாகப் பாயும்போது காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் எஞ்சின் எவ்வளவு பாடுபடுகிறதோ அவ்வளவுக்கு நெருப்பும் கொழுந்துவிடும். இதைக் கேட்ட நாளிலிருந்து 'சுக் சுக்' சத்தம் எனக்கு வேறு மாதிரி கேட்கிறது.

குழாய் வேலை அம்பாசமுத்திரம் அரிசி மில் ஃபிட்டர் மாமாவுடையது. சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு குழாயாகத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். "இது இருக்கு. இது செத்தாச்சு. இதுவும் செத்தாச்சு." செத்ததை மட்டும் மாற்றலாமே என்று கேட்டேன். முறைத்தார். எல்லாவற்றையும் உருவினோம். வெளிப்புறம் விரற்கடை கனத்துக்குச் சுண்ணாம்புபோல் உப்பு ஏறியிருந்தது, எங்கள் சொந்தத் தாத்தா காலத்துக் கிணற்றுத் தண்ணீரின் கைவரிசை. அந்தப் பக்கு இருந்தால் சூடு தண்ணீருக்குப் போகாது, இரும்புதான் காயும். இனிமேல் தாமிரபரணித் தண்ணீர் மட்டும்தான் என்று முடிவானது. டிராக்டர் டேங்கரில் மூன்று நடை கொண்டுவந்து ஊற்றிவிட்டு டீசல் காசுகூட வாங்காமல் போன சேரன்மாதேவித் தம்பிக்கும் நன்றி.

இன்ஜெக்டர் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நினைத்தால் வயிறு எரிகிறது. பாய்லருக்குள் தண்ணீரைத் தள்ளுகிற சாமான் அது. ஒரு பட்டறையில் கொடுத்தோம். முன்பணம் வாங்கி இரண்டு மாதம் இழுத்தடித்து, வெளியே பளபளவென்று மெருகேற்றித் திருப்பித் தந்தார்கள். உள்ளே இருந்த கூம்பைக் காணவில்லை. கடைசியில் பொன்மலைப் பணிமனையில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு ஐயா கை கொடுத்தார். ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் செய்த பணிமனை அல்லவா. திருச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து இரண்டு நாள் எங்கள் திண்ணையிலேயே படுத்து, அளவெடுத்துக் கொடுத்தார். அந்த அளவுக்குக் கடைந்து கொடுத்தவர் பேட்டை லேத் அண்ணாச்சி. ஈயத் திருகும் அவர் கடைந்ததுதான். நெருப்புப் பெட்டியின் உச்சியில் இருக்கும் அந்தத் திருகின் நடுவே ஈயம் ஊற்றியிருக்கும். தண்ணீர் அதற்குக் கீழே இறங்கினால் ஈயம் உருகி, நீராவி கொட்டி நெருப்பை அமர்த்தும். சுண்டுவிரல் அளவு சாமான், மொத்த உயிரும் அதில் இருக்கிறது.

பாய்லர் ஆய்வாளர் ஐயாவுக்குத் தனியாக நன்றி, முக்கியமாக எங்களை முதல் தடவை தோற்கடித்ததற்கு. சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தத்தில் ஓட்ட வேண்டுமானால் ஒன்றரை மடங்கு, 150-க்குப் பச்சைத் தண்ணீரை அடைத்துச் சோதிக்க வேண்டும். தண்ணீர் அமுங்காது, ஆகையால் எங்காவது விட்டுப்போனாலும் வெடிக்காது, ஒழுகும். கைப்பம்பால் அடித்தோம். முள் 130-ஐத் தாண்டியதும் ஒரு ரிவெட்டின் ஓரத்தில் நெற்றி வியர்வைபோல் ஒரு துளி. ஐயா அதை விரலால் தொட்டுக் காட்டினார். "ஒரு மாசம் கழிச்சுக் கூப்பிடுங்க." அவ்வளவுதான் சொன்னார். அடுத்த தடவை 150-இல் முள் அசையாமல் நின்றபோது முதலில் கை தட்டியவரும் அவர்தான்.

குதிரைக்கு முன்னங்கால் ஒன்று ஒடிந்திருந்தது. குத்துவிளக்கு வார்க்கும் ஆசாரி ஒருவர் மண்ணில் அச்செடுத்து வார்த்து ஒட்டினார். அவர் கை பழகியது கோயில் வேலைக்கு. மூன்று கால் இங்கிலாந்துக் குதிரைக்கு, நான்காவது கால் பரிவேட்டைக் குதிரை வாகனத்துக் கால் ஆகிவிட்டது. மாற்றித் தரட்டுமா என்றார். மாற்றவே கூடாது என்று எல்லோரும் கத்தினோம்.

லீவில் கம்பி பிரஷ்ஷோடு வந்து துரு சுரண்டிய பிள்ளைகளுக்கு, இருபது பேருக்குக் கூட்டாஞ்சோறு ஆக்கிப்போட்ட மதினிமாருக்கு, பணம் தந்த எல்லோருக்கும் நன்றி. கணக்கு நோட்டு முக்கு டீக்கடையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் புரட்டலாம்.

சனிக்கிழமை சாயங்காலமே செங்கோட்டைத் தாத்தா உடைமர விறகில் சின்னதாகத் தீ மூட்டிவிட்டார். ஆறிக்கிடந்த பாய்லரை அவசரப்படுத்தினால் இரும்பு ஒரு பக்கம் நீளும், ஒரு பக்கம் நீளாது, மூட்டு விட்டுப்போகும். "பைய, பைய" என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார். காலையில் முள் எழும்பியதும் விசில் கம்பியை என்னிடம் நீட்டினார். நான் அவர் கையிலேயே திருப்பி வைத்தேன். இழுத்தார். முதலில் சத்தம் வரவில்லை. குழாயில் தங்கியிருந்த கருந்தண்ணீர் என் வெள்ளைச் சட்டை மேல் கொட்டியது. அதற்குப் பிறகுதான் நீங்கள் எல்லோரும் கேட்டது வந்தது.

ஒரு விஷயம். எவர்சில்வர் தூக்குவாளி ஒன்று எங்கள் வீட்டில் நிற்கிறது. மூடியில் 'ச.ப.' என்று வெட்டியிருக்கிறது. அம்மா விளக்கி வைத்திருக்கிறாள். வெறும் வாளியாகத் திருப்பித் தர மாட்டாளாம், அதனால் சாப்பாட்டு நேரமாகப் பார்த்து வரவும்.