நுரை நிரப்பிய பழைய படகை மீட்டுத் தந்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

நான்கு மீட்டர் நீளமுள்ள எங்கள் பழைய ஃபைபர் மோட்டார் படகு சென்ற வாரம் மீண்டும் தண்ணீரில் இறங்கியது. பதினான்கு மாத வேலைக்குக் கைகொடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி சொல்லவே இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, வண்ணம் பூசத் தூரிகையும் கையுமாக நின்ற என்னைத் தடுத்து, "முதலில் எடை போட்டுப் பாருங்கள்" என்ற படகு கட்டும் பெரியவருக்கு உரியது. அன்று எனக்கு வந்தது எரிச்சல்தான். ஆனால் தராசு கொடுத்து உதவிய நண்பரின் முற்றத்தில், 250 கிலோ இருக்க வேண்டிய வெற்றுப் படகு 340 கிலோ காட்டியபோது, உள்ளே ஏறத்தாழ 90 லிட்டர் தண்ணீர் ஒளிந்திருப்பது விளங்கியது. இவ்வகைப் படகில் வெளி ஓட்டுக்கும் உள் ஓட்டுக்கும் இடையே பாலியூரிதேன் நுரை நிறைந்திருக்கும். படகை மிதக்க வைப்பதோடு இரு ஓடுகளையும் பிணைத்து விறைப்பைத் தருவதும் அந்த நுரையே. மூடிய கண்ணறைகள் கொண்ட நுரை எளிதில் நீர் குடிக்காது என்பது உண்மைதான். ஆனால், சரியாக அடைக்காத திருகாணித் துளை வழியே ஆண்டுக்கணக்கில் கசியும் நீருக்கு அதுவும் ஒருநாள் இடம் கொடுத்துவிடுகிறது.

அதே பெரியவர் ஒரு நாணயத்தால் தளமெங்கும் தட்டிக் காட்டினார். நல்ல இடத்தில் 'டக்'கென்று கூர்மையாகக் கேட்ட ஒலி, அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து, இரண்டு முழம் பின்னே வந்ததும் மந்தமாகிவிட்டது. அங்கே தளத்தை அறுத்துத் திறந்து, ஒரு பிடி நுரையை எடுத்துப் பிழிந்தபோது பழுப்பு நிற நீர் முழங்கை வரை வழிந்தது. அந்த நாற்றம் சட்டையை விட்டுப் போக மூன்று சலவை ஆயிற்று. விடுமுறை நாள்களை விட்டுக்கொடுத்து, முகமூடி அணிந்து, ஈர நுரையை உளியால் சுரண்டிய இரு இளைஞர்களின் உழைப்புக்கு என்ன கைம்மாறு செய்வேன்!

பழைய பாலியெஸ்டர் ஓட்டின் மேல் எபாக்சி என்னும் ஒட்டுப் பிசின் நன்றாகப் பிடிக்கும் என்றும், விரிசலின் ஓரத்தை ஓட்டின் தடிமனைப் போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்தால்தான் ஒட்டு நிலைக்கும் என்றும் பொறுமையாக விளக்கிய பட்டறைக்காரருக்கும் கடன்பட்டிருக்கிறேன். எபாக்சி இறுகியபின் மேலே படியும் வழுவழுப்பைத் தண்ணீரால் கழுவாமல் அடுத்த பூச்சைப் போட்டுவிட்டு, அது உரிந்து வந்தபோது நான் அவர் பக்கமே திரும்பவில்லை. அவரும் கண்டும் காணாததுபோல் இருந்தார்.

புது நுரை ஊற்றிய நாளின் பிழையும் என்னுடையதே. நுரையாக மாறும் இரு திரவங்களும் கலந்த சில நிமிடங்களில் 25 மடங்குக்கும் மேலாகப் பொங்கும். சிறிது சிறிதாக, சூடு தணியவிட்டு ஊற்ற வேண்டும். அவசரப்பட்டு ஒரே வாளியாக ஊற்றியதில் தளம் ஒரு விரல் உயரம் எழும்பிவிட்டது. பாய்ந்து வந்து கூடுதல் வெளியேற்றுத் துளைகள் போட்ட பக்கத்து வீட்டு அண்ணன் இல்லையென்றால் தளத்தை மீண்டும் அறுத்திருப்போம். கன மீட்டருக்கு 32 கிலோ மட்டுமே எடையுள்ள நுரைக்கு இத்தனை பலம் இருக்கும் என்று நான் நினைக்கவேயில்லை.

வீட்டு வாசலை மறித்து நின்ற படகையும், தோல் அரிக்கும் கண்ணாடியிழைத் தூசியையும் முகம் சுளிக்காமல் பொறுத்துக்கொண்ட என் மனைவிக்கு நன்றியோடு மன்னிப்பும்.

இறக்குவதற்கு முன் மீண்டும் எடை போட்டோம்: 262 கிலோ. கூடுதலான 12 கிலோ என் தாராளமான எபாக்சி என்று பெரியவர் தீர்ப்பளித்தார்; மறுக்க முடியவில்லை.

இரவல் தந்த ஆறு கிளாம்புகளையும் துடைத்து வைத்திருக்கிறேன். ஒன்றில் மட்டும் பிசின் இறுகிவிட்டது. அதற்குப் பதிலாகப் புதிது வாங்கித் தந்துவிடுகிறேன்.

என்றும் நன்றியுடன்,
படகின் உரிமையாளர்