சியாட்டிலையும் சேர்த்திருக்கலாம்

ஆசிரியருக்கு,

அமெரிக்க நகரப் பூங்காக்கள் பற்றிய கட்டுரை நியூயார்க்கோடு நின்றுவிட்டது. சியாட்டிலையும் தொட்டிருக்கலாம். ஊர் வேகமாக வளர்ந்துகொண்டிருந்த 1903-இல் பூங்கா வடிவமைப்பாளர் ஜான் சார்லஸ் ஓம்ஸ்டெட் அங்கே போய், பூங்காக்களையும் அவற்றை இணைக்கும், மரங்கள் சூழ்ந்த சாலைகளையும் திட்டமிட்டார். நல்ல தொடக்கம், சரி. ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது யூனியன் ஏரிக்கரையிலுள்ள கேஸ் ஒர்க்ஸ் பூங்காதான். 1956-இல் மூடிய எரிவாயு ஆலை அது. வேறொருவராக இருந்தால் எல்லாவற்றையும் இடித்துவிட்டுப் புல் போட்டிருப்பார். வடிவமைப்பாளர் ரிச்சர்ட் ஹாக், துருப்பிடித்த கோபுரங்களை அப்படியே நிற்கவைத்தார். எண்ணெய் ஊறிய மண்ணை நுண்ணுயிர்களைக் கொண்டு சுத்தப்படுத்தப் பார்த்தார். 1975-இல் பூங்கா திறந்தது. மண்ணின் நஞ்சு முழுசாகப் போகவில்லை. 1984-இல் சில காலம் மூடவும் நேர்ந்தது. அடுத்த கட்டுரையில் இதையும் எழுதுங்கள்.

– ஒரு வாசகர், திருச்சி