ஷ்னைடன், ஷ்னிட்: இது விதிவிலக்கு அல்ல

ஜெர்மன் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். வினைப் பட்டியலில் ஷ்னைடன் – ஷ்னிட் – கெஷ்னிட்டன் (வெட்டு) வரும்போது, மெலிந்த டகரம் (d) ஏன் வலித்தது (t) என்று மாணவர் கேட்டால், "ஒழுங்கற்ற வினை, மனப்பாடம் செய்" என்று கடந்துவிடாதீர்கள். டென்மார்க்கின் மொழியியலர் கார்ல் வெர்னர் 1875-லேயே காரணத்தை எழுதிவிட்டார்.

முதலில் கிரிம் விதி (1822): மூல இந்தோ-ஐரோப்பிய மொழியின் ப, த, க ஒலிகள், ஜெர்மனுக்கும் ஆங்கிலத்துக்கும் தாயான ஜெர்மானியத்தில் உரசொலிகள் (காற்று உரசி வருபவை) ஆயின. தகரம் ஆங்கில 'த்ரீ'யின் முதல் ஒலியானது. வெர்னர் கண்டது அடுத்த படி. உரசொலி சொல்முதலில் இல்லாமல், இருபுறமும் அதிரும் ஒலிகள் (குரல்நாண் அதிர எழுபவை) சூழ நின்று, அதற்கு முந்தைய அசையில் அழுத்தமும் இல்லையென்றால், அதுவும் அதிரத் தொடங்கியது. ஸகரத்துக்கும் இதே கதி. அது அதிர்ந்து, பின் மேற்கு, வடக்கு ஜெர்மானிய மொழிகளில் ரகரமானது. அதன்பிறகு அழுத்தம் எல்லாச் சொற்களிலும் முதலசைக்கு நகர்ந்துவிட்டதால் காரணம் மறைந்து விளைவு மட்டும் எஞ்சியது.

தமிழ் மாணவர் தடுமாறும் இடம் இதுதான். நம் மொழியில் உயிர்களுக்கிடையே ஒற்றை வல்லினம் வந்தால் தானே அதிரும், இடம்தான் தீர்மானிக்கும். ஆனால் ப்ரூடர் (சகோதரன்), முட்டர் (தாய்) இரண்டிலும் மெய் நின்ற இடம் ஒன்றே. அழுத்தம்தான் வேறு: வேத மொழியில் 'ப்ராதா'வுக்கு உதாத்தம் (உயர்ந்த தொனி) முதலசையில், 'மாதா', 'பிதா'வுக்குக் கடைசியில். அதிராத உரசொலி ஜெர்மனில் மெல்லிய டகரமானது. அதிர்ந்தது அதற்கு முன்பே மெல்லிய டகரமாகி, பின் வலித்து முட்டர், ஃபாட்டர் என நிற்கிறது. ஆங்கில 'ஃபாதர்' மட்டும் கரும்பலகைக்கு வேண்டாம். பழைய ஆங்கிலத்தில் அங்கே மெல்லிய டகரமே இருந்தது. இன்றைய ஒலி பிற்காலத் திரிபு.

வினையிலும் இதே கணக்குதான். பழைய உயர் ஜெர்மனில் (இன்றைய ஜெர்மனின் மிகப் பழைய நிலை) இறந்தகால ஒருமை 'ஸ்னைட்' என மெல்லிய டகரத்தில் முடிந்தது, பன்மை 'ஸ்னிட்டும்'. ஒருமையில் அழுத்தம் வேரில் இருந்தது. பன்மையிலும் எச்சத்திலும் (கெஷ்னிட்டன் போன்ற வடிவம்) ஈற்றில். பின்னாளில் பன்மையின் மெய் ஒருமைக்கும் பரவியது. லைடன் – லிட் – கெலிட்டன் (துன்புறு) அப்படியே. ட்ஸீயன் – ட்ஸோக் – கெட்ஸோகன் (இழு) என்பதில் ஹகரமும் ககரமும் மாறுகின்றன. எழுத்தில் நிற்கும் ஹகரத்தை இன்று யாரும் ஒலிப்பதில்லை, அவ்வளவுதான். ஆங்கிலத்தின் 'வாஸ்', 'வெர்' ஸகர–ரகரத்தை இன்னும் காக்கிறது. ஜெர்மன் ஒருமையையும் 'வார்' என்று சமன்செய்துவிட்டாலும் 'கெவேஸன்' ஸகரத்தை விடவில்லை.

ரைட்டன் – ரிட் (சவாரி செய்) இந்தக் கூட்டத்தில் சேராது. அங்கே முதலிலிருந்தே டகரம் வலித்ததுதான். மைடன் – மீட் – கெமீடன் (தவிர்) ஒருகாலத்தில் சேர்ந்தது, இன்று மெல்லிய டகரமே எங்கும் பரவிவிட்டது. மறைந்துபோன பழைய ஜெர்மானிய மொழியான கோத்திக்கைச் சாட்சிக்கு அழைத்தால் ஏமாறுவீர்கள்: அது வலுவினைகளில் (உயிரொலி மாறி இறந்தகாலம் காட்டுபவை) இந்த மாற்றத்தைப் பெரும்பாலும் துடைத்தெறிந்துவிட்டது.

ஃப்ரீரன் (உறை), ஃப்ரோஸ்ட் (உறைபனி) இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். வினையில் பன்மையின் ரகரம் பரவியிருக்கிறது. பெயரில் பின்னால் நிற்கும் அதிராத டகரம் ஸகரத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

அன்புடன்,
ஒப்பிலக்கணம் கற்பிப்போர் சிலர்