நெடுந்தீவு: எமது சனசமூக நிலையத்தின் 2024ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, தாய்மாரே, பெரியோரே, இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024ஆம் ஆண்டின் செயற்பாட்டு அறிக்கையை இந்தப் பொதுச்சபை முன் சமர்ப்பிக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார் என்பதால் காசு விபரங்களுக்குள் நான் போகவில்லை. நிர்வாகசபை மாதந்தோறும் கூடியது. சோளகக் காற்றால் படகு ஓடாமல், யாழ்ப்பாணத்துக்குப் போன உறுப்பினர்கள் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றுவிட்டதால் ஆனிமாதக் கூட்டம் மட்டும் தள்ளிப்போனது.

தைப்பொங்கலை வாசிகசாலை முற்றத்தில் பொங்கினோம். மறுநாள் பட்டிப்பொங்கல். எங்கள் தீவில் மாடு இல்லாத வீடும் பட்டிப்பொங்கலுக்கு மாடுள்ள வீட்டுக்குப் போய் நிற்கும். இம்முறை பட்டிக்காரர் எல்லோரும் ஒரே வெளியில் பொங்கலாம் என்று பெண்கள் குழு சொன்னது. அப்படியே செய்தோம். மாலை போட்ட நாம்பன் (இளங்காளை) ஒன்று பொங்கல் படைத்த வாழையிலையை இழுத்துக்கொண்டு ஓட, சிறுவர் பின்னால் ஓட, அன்று வெளி முழுக்கச் சிரிப்பு. வரும் ஆண்டும் இதே இடத்தில் பொங்க வேண்டும் என்று பலர் கேட்டிருக்கிறார்கள்.

மாசியில் கச்சதீவுத் திருவிழா. 23, 24ஆம் திகதிகளில் நடந்த அந்தோனியார் பெருவிழாவுக்கு எங்கள் கத்தோலிக்க உறுப்பினர்களோடு சைவ உறுப்பினர்களும் போனார்கள். அது இன்று நேற்று வந்த வழக்கம் அல்ல. கச்சதீவில் குடிக்கத் தண்ணீர் கிடையாது. ஒவ்வொரு கலனும் படகில்தான் போக வேண்டும். அந்த ஏற்றி இறக்கும் வேலையில் எங்கள் இளைஞர் கைகொடுத்தார்கள். வழக்கமாக இராமேஸ்வரத்திலிருந்து வரும் படகுகள் இம்முறை வரவில்லை. அங்குள்ள மீனவர் தமது ஆட்களுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதைக் கண்டித்து விழாவைப் புறக்கணித்தார்கள். இழுவைப் படகுகளால் வலையை இழந்தவர்கள் இந்தச் சபையிலேயே இருக்கிறார்கள். அடிமடி இழுவைத் தொழிலை எங்கள் நாடு 2017இல் சட்டத்தால் தடைசெய்தும் இரவில் கடலில் வெளிச்சம் வரிசையாக நிற்பதை நாம் காண்கிறோம். அந்தக் கோபம் நியாயமானது. அப்படியிருந்தும், அந்தக் கோயில் வாசலில் வருடத்துக்கு ஒருமுறை சந்தித்துச் சுகம் விசாரிக்கும் மனிதர்கள் வராததில் எங்களுக்கு மனவருத்தமே. பனங்கட்டி வைத்த ஓலைக் குட்டானோடு போன தாய்மார் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

மே 15ஆம் திகதி மாவிலித்துறையில் குமுதினிப் படகில் 1985இல் கொல்லப்பட்ட எங்கள் உறவுகளை நினைத்து விளக்கேற்றினோம். அன்று நிலையம் பூட்டியிருந்தது.

இனி, இந்த ஆண்டில் நிலையம் அதிகம் பாடுபட்ட விடயத்துக்கு வருகிறேன். அது தண்ணீர்.

இந்தத் தீவில் ஆறு இல்லை, மலை இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கும் மாரி மழைதான் எங்கள் சொத்து. அந்த நன்னீர் நிலத்துக்குக் கீழே உப்புநீருக்கு மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. அளவோடு அள்ளினால் நின்று கொடுக்கும். மோட்டர் போட்டு ஒரேயடியாக இறைத்தால் கீழே கிடக்கும் உப்பு மேலே ஏறிவிடும். ஏறிய கிணறு திரும்ப நன்னீராக எத்தனை மாரி காத்திருக்க வேண்டும் என்பதைக் கிணறு உப்பேறிச் சவரான வீட்டாரிடம் கேளுங்கள். அதனால்தான் பொதுக்கிணறுகளில் மோட்டர் பூட்டக்கூடாது, வாளியால் மட்டுமே அள்ள வேண்டும் என்று சித்திரையில் தீர்மானம் எடுத்தோம். சிலருக்கு அது கஷ்டமாக இருந்தது. வயதானவர்களின் வீடுகளுக்கு இளைஞர் முறைவைத்து அள்ளிக் கொடுத்தார்கள். ஆவணி முடியும்வரை பொதுக்கிணறு ஒன்றாவது சவராகவில்லை. இந்தத் தீர்மானத்தைத் தளர்த்தக் கூடாது என்பதே என் கருத்து.

மனிதருக்கு நீர் வேண்டுமென்றால் கேட்க வாய் இருக்கிறது. கோடையில் தண்ணீர் பவுசருக்கு வரிசையில் நிற்கக் காலும் இருக்கிறது. குதிரைகளுக்கு அது இல்லை.

எங்கள் குதிரைகள் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வந்தவற்றின் வழித்தோன்றல்கள். ஒல்லாந்தரின் குதிரை லாயத்துத் தூண்கள் சாறாப்பிட்டிப் பக்கம் இன்றும் நிற்கின்றன. கட்டியாண்டவர்கள் போய்விட்டார்கள். குதிரைகள் எவருக்கும் சொந்தமில்லாமல் தென்பக்க வெளியில் தாமே பெருகின. 2015இல் அந்த வெளி தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அதன்பின் அவை வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு. "திணைக்களத்தின் வேலையை நாங்கள் ஏன் செய்ய வேண்டும்?" என்று ஆனிமாதக் கூட்டத்துக்குப் பதிலாகக் கூடிய கூட்டத்தில் ஒரு உறுப்பினர் கேட்டார். கேள்வி சரியானதுதான். ஆனால் குளம் வற்றுவது திணைக்களத்தைக் கேட்டு அல்ல. எங்கள் மாடும் அந்தக் குதிரையும் ஒரே பள்ளத்தில் நீர் குடிப்பவை. மாட்டுக்குத் தொட்டி கட்டிவிட்டுக் குதிரையை விரட்டுவது இந்தத் தீவுக்கு அழகல்ல என்று சபை முடிவெடுத்தது.

ஆடி நடுப்பகுதியில் பள்ளங்கள் எல்லாம் காய்ந்து வெடித்துவிட்டன. சேறு மிஞ்சிய இடத்தில் ஒரு பெட்டைக் குதிரை முன்னங்காலால் கிண்டிக்கிண்டி, ஊறிவந்த கலங்கல் நீரில் வாய் வைத்ததை எங்கள் உறுப்பினர்கள் கண்டார்கள். அதன் குட்டி தாயின் வயிற்றுக்குக் கீழே நிழலில் நின்றது. அன்றே பழைய சீமெந்துத் தொட்டிகளைத் துப்புரவாக்கினோம். லாண்ட்மாஸ்டரில் (இருசக்கர உழவு இயந்திரத்தில்) தாங்கி ஏற்றி, ஒருநாள் விட்டு ஒருநாள் நீர் நிரப்பினோம். முதல் நாட்களில் குதிரைகள் தொட்டிக்குக் கிட்ட வரவேயில்லை. புதிய சத்தம், புதிய மணம். ஆட்கள் போனபின் பொழுதுபட வந்து குடித்தன. கடுவன் முதலில் குடிக்கும். மற்றவை தள்ளி நிற்கும். குட்டிகளுக்குத் தொட்டியின் விளிம்பு எட்டவில்லை. இதைக் கண்ட எங்கள் உபதலைவர், தொட்டியின் ஒரு பக்கம் கல்லும் மண்ணும் அடுக்கிச் சரிவாக்கினார். மறுநாளே குட்டிகள் ஏறிக் குடித்தன. டீசல் காசுக்கு உதவிய வெளிநாட்டு உறவுகளுக்கும், கூலி வாங்காமல் ஓடிய லாண்ட்மாஸ்டர்காரருக்கும் இந்தச் சபை நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது.

இதோடு சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். குதிரை பார்க்க வருபவர்கள் வரட்டும், அதனால் எங்கள் ஆட்டோக்காரருக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் வருமானம். ஆனால் படம் எடுப்பதற்காக மோட்டார் சைக்கிளில் குதிரைக்கூட்டத்தைத் துரத்துவதை அனுமதிக்க முடியாது. வெயிலில் ஓடவிட்ட குதிரைக்கு அன்று குடித்த நீர் அன்றே வீண். பெருக்கு (பாவோபாப்) மரத்தின் பட்டையில் பெயர் வெட்டுவதும் அப்படியே. அந்த மரம் எத்தனை தலைமுறையைக் கண்டது என்று எண்ணாமல் கத்தியை எடுக்கிறார்கள். மரத்தடியில் அறிவித்தல் பலகை வைத்திருக்கிறோம். ஆட்டோச் சாரதிகள் ஏற்றும்போதே சொல்லிக் கூட்டிவந்தால் பலகையைவிட அது பெரிய உதவி.

பிளாஸ்டிக் சொப்பிங் பை பற்றிப் போன ஆண்டும் சொன்னேன். மாடு தின்று வயிறு ஊதிச் செத்தது இந்த ஆண்டும் நடந்தது. இறங்குதுறையில் வைத்த குப்பைப் பெட்டிகள் நிரம்பி வழிகின்றன. நிரம்பியதை எடுத்துப்போக ஒழுங்கு இன்னும் சரியாக இல்லை.

ஆடிப்பிறப்புக்கு நிலையத்தில் கூழ் காய்ச்சினோம். தண்ணீர்ப் பஞ்சத்தில் கூழா என்று தயங்கியபோது, ஆளுக்கொரு செம்பு நீர் கொண்டுவாருங்கள் என்று பெண்கள் குழுத் தலைவி சொன்னார். கொண்டுவந்தார்கள். அரிசிமாவும் வறுத்த பயறும் பனங்கட்டியும் தேங்காய்ப் பாலும் சேர்ந்து கொதிக்க, தேங்காய்ச் சொட்டுகள் மேலே மிதந்தன. பிளாஸ்டிக் கோப்பை வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தோம். பெரியவர்கள் பனையோலையில் பிளா கோலிக் கொடுத்தார்கள். பிளாவைப் பிடிக்கத் தெரியாமல் சிறுவர் முழங்கைவரை ஒழுகவிட்டதைப் பார்த்து, ஓலை மடிக்கும் வகுப்பு ஒன்றை வாசிகசாலையில் சனிக்கிழமைகளில் தொடங்கினோம். பிளா, குட்டான், பட்டை என்று பிள்ளைகள் பழகியிருக்கிறார்கள். இந்த ஆண்டு நான் மிகவும் மகிழ்ந்த காரியம் இதுதான்.

புரட்டாதியில் கல்வேலிச் சிரமதானம். எங்கள் முருகைக்கல் வேலிகளில் சீமெந்து கிடையாது, கல்லுக்குக் கல் பிடிமானம்தான். மாடு உரசி விழுத்தினால் அன்றே எடுத்து அடுக்கினால் ஒரு நாழிகை வேலை. விட்டுவிட்டால் அந்தக் கல் யாருடைய அத்திவாரத்துக்கோ போய்விடும். வாசிகசாலை ஒழுங்கையின் இரண்டு பக்கமும் அடுக்கி முடித்தோம். இடுக்குகளில் அரணையும் அணிலும் குடியிருப்பதால் ஒவ்வொரு கல்லையும் தட்டிப்பார்த்து எடுக்கச் சொன்னோம். நவராத்திரிக்கு வாணிவிழாவும் ஏடுதொடக்கலும் வழக்கம்போல் நடந்தன.

ஐப்பசியில் முதல் மழையோடு உள்ளான், ஆலா முதலிய பறவைகள் கரைக்கு வந்து சேர்ந்தன. பாடசாலைப் பிள்ளைகளை ஒருநாள் காலையில் கரைக்குக் கூட்டிப்போய்ப் பார்க்க வைத்தோம். சிக்கிய ஆமையை வலையை அறுத்து விடுவித்த கடற்றொழிலாளி ஒருவரும் அன்று பிள்ளைகளோடு பேசினார். வலை கிழிந்தது அவருக்கு நட்டம். அதை நிலையம் தைத்துக் கொடுத்தது.

கார்த்திகைக் கடைசியில் நாங்கள் கேட்ட மழை கேட்டதற்கு மேல் வந்தது. பெங்கால் புயல் என்று பெயரிடப்பட்ட அந்தத் தாழமுக்கம் கடலைக் கொந்தளிக்க வைத்து, படகுச் சேவை நின்றது. உயர்தரப் பரீட்சை தொடங்கி இரண்டு நாளில் நிறுத்தப்பட்டு, டிசம்பர் 4ஆம் திகதிதான் மீண்டும் தொடங்கியது. எங்கள் பிள்ளைகளுக்கு அந்த இடைவெளி பெரும் பதற்றம். வாசிகசாலையை இரவிலும் திறந்துவைத்தோம். மின்சாரம் போன நேரம் லாம்பு வெளிச்சத்தில் படித்தார்கள். வீட்டுக்குள் வெள்ளம் வந்த குடும்பங்களுக்கு மண்டபத்தில் சமைத்துக் கொடுத்தோம். நோயாளி ஒருவரைக் கரைக்கு அனுப்ப முடியாமல் பட்ட பாட்டை இங்கே விரிக்கவில்லை. கடும் காற்றிலும் ஓடக்கூடிய அவசரப் படகு இந்தத் தீவில் எந்நேரமும் நிற்க வேண்டும் என்ற எங்கள் கோரிக்கையைத் திரும்பவும் எழுத்தில் கொடுத்திருக்கிறோம்.

மார்கழியில் நத்தார் ஒளிவிழா எளிமையாக நடந்தது. வெள்ளத்தால் பரிசுப் பொருட்கள் வந்து சேரவில்லை. ஓலை வகுப்புப் பிள்ளைகள் செய்த நட்சத்திரங்களையே பரிசாகக் கொடுத்தோம்.

வரும் ஆண்டுக்கு மூன்று விடயங்களைச் சபையின் அங்கீகாரத்துக்கு வைக்கிறேன். பொதுக்கிணற்றில் மோட்டர் தடை தொடர வேண்டும். தென்பக்கத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் மாரி நீரைத் தேக்கும் பள்ளம் ஒன்றைத் திணைக்களத்தின் அனுமதியோடு ஆழப்படுத்த வேண்டும். தொட்டி நிரப்பும் முறைப்பட்டியலை வைகாசிக்கு முன்பே எழுத வேண்டும். இந்த ஆண்டு அது ஆடியில்தான் தொடங்கியது, அது பிந்திவிட்டது. பட்டியல் கொப்பி இந்த மேசையில் இருக்கிறது. கூட்டம் கலையமுன் பெயரைப் பதிந்துவிட்டுப் போகுமாறு ஒவ்வொரு வீட்டாரையும் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி. வணக்கம்.

செயலாளர்