வரைபடம் திறக்கட்டும், அளப்பவருக்குச் சம்பளமும் கிடைக்கட்டும்

தேசிய நில அளவைத் துறைகளின் தலைவர்களுக்கும், அந்தத் துறைகளின் கோப்பில் கையெழுத்துப் போடும் நிதித்துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

ஓய்வு நேரத்தில், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் சாலையும் பாலமும் திருத்திக்கொண்டிருப்பவன் நான். சில வாரங்களுக்கு முன் உங்களைப் போன்ற ஒரு துறையின் தளத்தில் சாலைத் தரவு கிடைத்தது. பச்சைப் பொத்தானில் பெரிதாக ‘இலவசம்’ என்று போட்டிருந்தார்கள். இறக்கி, அதன் மேல் பேருந்து நிறுத்தங்களை ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்தேன். எல்லாம் நேரில் போய்ப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்த நிறுத்தங்கள். வெளியிடலாம் என்று உட்கார்ந்தபோதுதான் கூடவே வந்த உரிமத்தைத் திறந்து பார்த்தேன். பதினோரு பக்கம். ஏழாம் பக்கத்தில் ஒரு வரி: இந்தத் தரவைக் கொண்டு உருவாக்கப்படும் எதிலும் துறைக்கு உரிமை உண்டு.

சரி, நான் கால் கடுக்க நடந்து குறித்த நிறுத்தம் யாருடையது? உங்கள் சாலைக் கோட்டுக்குப் பக்கத்தில் புள்ளி வைத்ததாலேயே அது உங்களுடையதாகிவிடுமா? விளக்கம் கேட்டு எழுதினேன். இன்னும் பதில் வரவில்லை.

என் தலைவலியை விடுங்கள். பிரிட்டனில் உள்ளாட்சி மன்றங்களே பல வருடம் இதில் மாட்டிக்கொண்டு விழித்தன. தங்கள் சொந்தச் சொத்துகள் எங்கெங்கே இருக்கின்றன என்ற பட்டியலையே, அந்த நாட்டு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடத்தின் மேல் குறித்த பாவத்துக்காக, வெளியிடலாமா கூடாதா என்று தயங்க வேண்டியிருந்தது. 2010-ல் அந்த நிறுவனம் தன் தரவில் ஒரு பகுதியை யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. நுணுக்கமான வரைபடம் மட்டும் பூட்டுக்குள்ளேயே இருந்தது. 2020-ல் ஒவ்வொரு கட்டடத்துக்கும் உரிய அடையாள எண்ணையும் அது நிற்கும் இடத்தையும் திறந்தார்கள். வாங்கிப் பார்த்தால் எண் இருக்கிறது, புள்ளி இருக்கிறது, முகவரி இல்லை! தபால் முகவரிக் கோப்பு 2013-ல் அஞ்சல் நிறுவனமான ராயல் மெயில் தனியார்மயமானபோது அதோடு சேர்ந்தே போய்விட்டது. அதை விற்றது தவறு என்று அடுத்த வருடமே நாடாளுமன்றக் குழு எழுதியது. போனதைத் திரும்ப வாங்குவது அவ்வளவு சுலபமா?

உரிமத்தைப் பற்றி நான் கேட்பது சின்ன விஷயம். நீங்களே உட்கார்ந்து புதிதாக ஒன்றை எழுதாதீர்கள். உலகம் முழுக்கத் தெரிந்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் இருக்கின்றன. பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்பது ஒன்று, எந்த நிபந்தனையும் வேண்டாம் என்பது இன்னொன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த விதியும் முக்கியமான தரவுகளுக்கு இவற்றையோ இவற்றைவிடக் கட்டுப்பாடு குறைந்ததையோதான் கேட்கிறது. வரைபடத் தரவை யாரும் தனியாக வைத்துக்கொள்வதில்லை. வெள்ள எல்லையோடு சேர்ப்பார்கள், மக்கள்தொகைக் கணக்கோடு சேர்ப்பார்கள், பக்கத்து நாட்டுத் தரவோடு சேர்ப்பார்கள். நாலு உரிமம் நாலு திசையில் இழுத்தால் சேர்த்த கோப்பை யாரும் தொட முடியாது. ராணுவ முகாம், நில உரிமையாளர் பெயர் போன்றவற்றை வெளியே விடாதீர்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. சாலையும் ஆறும் எல்லைக்கோடும் ரகசியம் இல்லையே.

இப்போது பணத்துக்கு வருகிறேன். இது முக்கியமாக நிதித்துறைக்கு.

‘இலவசமாகக் கொடுத்துவிட்டால் துறை எதில் ஓடும்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். திறந்த தரவு என்று கொடி பிடிக்கும் என் நண்பர்கள் பலர் இதைக் காதில் வாங்குவதே இல்லை. ஒரு புது குடியிருப்பு வருகிறதென்றால் ஒருவர் வெயிலில் கருவிக் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு போய், தெரு முனையில் ஊன்றி, மட்டம் காட்டும் குமிழி நடுவுக்கு வரும்வரை காத்திருந்து ஒவ்வொரு புள்ளியாக அளக்க வேண்டும். அவருக்குச் சம்பளம், வண்டி, கருவி எல்லாம் வேண்டும். அளந்ததை ஒருவருக்குக் கொடுத்தாலும் கோடிப் பேருக்குக் கொடுத்தாலும் அந்தச் செலவு ஒன்றுதான். படியெடுக்க ஆகும் செலவு கிட்டத்தட்டப் பூஜ்யம். ஆனால் நீங்கள் கட்டணம் போடுவது படியெடுப்பதற்கு. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

பூமியைப் படம் எடுக்கும் லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்க அரசு ஒரு செயற்கைக்கோள் படத்தை 600 டாலருக்கு விற்றது. மிக நன்றாக விற்ற 2001-ல் சுமார் 25,000 படங்கள் போயின. அத்தனையும் முழு விலைக்கே போயிருந்தாலும் ஒன்றரைக் கோடி டாலர். ஒரு செயற்கைக்கோளைச் செய்து மேலே அனுப்பும் செலவில் அது எந்த மூலைக்கு? 2008-ல் இலவசமாக்கினார்கள். ஏறக்குறைய ஒரே வருடத்தில் பத்து லட்சம் படங்கள் இறக்கப்பட்டன. காட்டழிவையும் பயிரையும் பனிப்பாறையையும் வருடம் வருடமாக ஒப்பிடும் ஆய்வுகள் பெருகியது அதற்குப் பிறகுதான்.

டென்மார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2002-ல் முகவரித் தரவுக்குக் கட்டணம் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். 2005 முதல் 2009 வரை கிடைத்த பலன் 6.2 கோடி யூரோ, செலவு சுமார் 20 லட்சம் யூரோ என்று பிறகு கணக்குப் பார்த்தார்கள். அந்தப் பலனில் சுமார் 30 சதவீதம் அரசு அலுவலகங்களுக்கு, மீதி தனியாருக்கு. முகவரித் தரவைப் பராமரித்த துறையின் பேரேட்டில் அது வரவாக ஏறாது. கட்டணம் போனது மட்டும்தான் அங்கே தெரியும். எல்லாப் பைகளையும் ஒன்றாகப் பார்க்கக்கூடியவர் நிதித்துறையில் மட்டுமே இருக்கிறார். அதனால்தான் உங்களையும் சேர்த்து எழுதுகிறேன்.

துறையிடம் ‘நீயே சம்பாதித்துக்கொள்’ என்று வருவாய் இலக்கு வைத்தால் என்ன நடக்கும்? அதன் பெரிய வாடிக்கையாளர்கள் அரசின் மற்ற துறைகள்தான். சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கால்சட்டைப்பையில் போடுகிறோம். நடுவில் விலைப்பட்டியல், வழக்கறிஞர், தணிக்கை என்று ஒரு கூட்டமே சாப்பிடுகிறது.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. ஒரு தடவை மானியம் கொடுத்து, விழா வைத்து, தரவைத் திறந்துவிட்டு அப்படியே மறந்துபோவது. மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் புதுப் பாலம் வரைபடத்தில் இருக்காது, இடிந்த பாலம் இருக்கும். ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு இதைவிட வரைபடமே இல்லாமல் இருப்பது மேல். குறைந்தபட்சம் யாரிடமாவது வழி கேட்பார்.

காசு வாங்க வேண்டுமென்றால் வாங்குவதற்கு வேறு இடங்கள் இருக்கின்றன. நிலத்தை மாற்றுபவரிடம் வாங்குங்கள். மனை பிரிப்பவர், கட்டடம் எழுப்புபவர், சாலை போடுபவர் ஏற்கனவே பதிவுக்கும் அனுமதிக்கும் பணம் கட்டுகிறார்கள். புதிதாக அளக்க வேண்டிய வேலையே அவர்களால்தான் வருகிறது. அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கு அளக்கும் துறைக்குப் போகட்டும். நொடிக்கு நொடி தடையில்லாத சேவை கேட்கும் பெரிய நிறுவனத்திடம் அந்தச் சேவைக்கு வாங்குங்கள், தரவுக்கு வேண்டாம். மீதியைச் சாலைப் பராமரிப்புக்கு ஒதுக்குவதுபோல வருடா வருடம் பட்ஜெட்டில் வையுங்கள்.

அடுத்த வருட ஒதுக்கீட்டுக் கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது, ‘தரவு விற்பனை வருவாய்’ என்ற வரியை அடித்துவிட்டு, அதே தொகையை எதிர்ப்பக்கத்தில் ‘களப்பணி’ என்று எழுதிப் பாருங்கள். பல இடங்களில் அந்தத் தொகை சின்னதுதான்.

என் பேருந்து நிறுத்தக் கோப்பு இன்னும் கணினியிலேயே தூங்குகிறது. அதற்குள் இரண்டு நிறுத்தங்களை இடம் மாற்றிவிட்டார்கள். போய்ப் பார்த்துத் திருத்தி வைத்திருக்கிறேன், ஏழாம் பக்கத்துக்குப் பதில் வந்ததும் வெளியிட.

இப்படிக்கு,
வரைபடம் திருத்தும் தன்னார்வலர் ஒருவன்