ஊர் சின்னது, பேர் பெரிசு

அன்புள்ள மாரி,

வீட்டில் எல்லோரும் சௌக்கியம்தானே? இத்தனை மாதம் ஒரு வரி போடவில்லை என்று திட்டாதே, நீயும்தான் போடவில்லை. நீ மாடுகளை விற்கப்போவதாகச் சுப்பு போனில் சொன்னான். அந்தப் பேச்சைக் கடைசியில் எடுக்கிறேன்.

போன வாரம் இங்கே பிரான்ஸில் நார்மண்டி பக்கம், ஓர்ன் மாவட்டத்தில் கமம்பேர் என்ற ஊருக்குப் போயிருந்தேன். ஆமாம், உன்னை ஒருமுறை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட வைத்தேனே, அந்தச் சீஸின் சொந்த ஊர்தான்! உலகமே பேர் சொல்லும் ஊர் என்பதால் ஒரு கடைவீதியாவது இருக்கும் என்று நினைத்தேன். சரிவில் ஒரு தேவாலயம், ஊர் மன்றக் கட்டடம், சீஸுக்கு ஒரு அருங்காட்சியகம், கொஞ்சம் வீடுகள். ஏறக்குறைய 200 பேர்தான். மற்றபடி வேலி, ஆப்பிள் மரம், புல், மாடு. இங்கே ஊர் எவ்வளவு சின்னதானாலும் தனி மேயர் உண்டு, கல்யாணத்தை நடத்திவைப்பதும் அவர்தான். நம் வாத்தியாருக்குப் பொருத்தமான பதவி.

அந்த மாடுகளை நீ பார்க்கணும். வெள்ளை உடம்பில் பழுப்புத் திட்டு, கண்ணைச் சுற்றியும் அதே பழுப்பு. கண்ணாடி போட்ட கணக்குப்பிள்ளை மாதிரி நம்மை முறைக்கும்.

1791-இல் மரி அரேல் என்ற பெண் இங்கே இந்தச் சீஸைக் கண்டுபிடித்தாள் என்பார்கள். அதற்கு முன்பே அந்தப் பக்கம் சீஸ் செய்திருக்கிறார்கள், இருந்தாலும் கதை நிலைத்துவிட்டது. 1926-இல் ஒரு அமெரிக்க மருத்துவர் தேடி வந்து, தன் வயிற்று நோய்க்கு இதுதான் மருந்து என்று சொல்லி, அவளுக்குச் சிலை வைக்கப் பணம் கொடுத்தார். சிலை நின்றது பக்கத்து டவுனான விமூத்தியேயில். 1944-இல் நேச நாட்டு விமானங்கள் போட்ட குண்டில் அதுவும் போச்சு. அப்புறம் அமெரிக்காவில் ஒஹாயோவில் சீஸ் செய்கிறவர்கள் காசு போட்டுப் புதுசு வைத்தார்கள்.

எனக்கு ஆறாதது வேறு. அதே 1926-இல் ஒரு பிரெஞ்சு நீதிமன்றம், இந்தப் பேர் எல்லோருக்கும் பொது என்று சொல்லிவிட்டது. எவனும் எங்கேயும் செய்து கமம்பேர் என்று விற்கலாம். ‘நார்மண்டி கமம்பேர்’ என்பதற்கு மட்டும் 1983-இல் பாதுகாப்பு கிடைத்தது. அதற்குக் காய்ச்சாத பால்தான் வேண்டும். தயிர் போல உறைந்ததை அகப்பையால் மொண்டு அச்சில் ஊற்றணும். ஒரு அச்சுக்கு ஐந்து அகப்பையாவது, ஒவ்வொன்றுக்கும் நடுவில் குறைந்தது 40 நிமிடம். ஒவ்வொரு அடுக்காகத் தண்ணீர் வடிந்து படியும்வரை காத்திருக்கணும். தொழிற்சாலைக்காரனுக்கு அந்தப் பொறுமை எதற்கு? பேர் போதும் அவனுக்கு. இன்றைக்கு ஊருக்குள் அதைச் செய்கிற பண்ணையைத் தேடித்தான் பிடிக்கணும்.

சரி, உன் விஷயம். சொசைட்டிக்காரன் லிட்டருக்குக் கொடுப்பது தீவனத்துக்கே போதவில்லை என்பாய். தெரியும். விற்காதே என்று பாரிஸில் உட்கார்ந்துகொண்டு சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் உங்கம்மா அந்தப் பாலில் கிண்டும் திரட்டுப்பாலை வாத்தியார் வீட்டுக் கல்யாணத்தில் மூன்று ஊர்க்காரர்கள் கேட்டு வாங்கிப்போனார்களே. அதைக் காசாக்க ஒருநாளாவது யோசித்தாயா? எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொடுத்துவிடாமல் இரண்டு கறவையையாவது வைத்துக்கொள். பொங்கலுக்கு வருகிறேன், உட்கார்ந்து கணக்குப் போடலாம். அதற்குள் வியாபாரியிடம் முன்பணம் வாங்கித் தொலைக்காதே.

உன்
கதிர்