நம் அறிவியல் புனைகதை ரசிகர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், துணைத்தலைவர், பொருளாளர், செயற்குழுவினர் ஆகியோருக்கும், தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களிலிருந்தும் இப்பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். ஓராண்டுக் காலச் செயல்பாடுகள் குறித்த அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார் என்பதால், நாம் பார்த்த கதைகளையும் அவற்றைப் பற்றி உறுப்பினர்கள் எழுதிய கருத்துகளையும் மட்டுமே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

சென்ற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் நிறைவேற்றினோம். கதையை முழுமையாகப் பார்த்தவர் மட்டுமே கருத்துச் சொல்ல வேண்டும் என்பதும், மதிப்பெண் மட்டும் போதாது, கதையின் எந்த இடம் அவ்வாறு எண்ண வைத்தது என்பதையும் கருத்துப் பதிவேட்டில் தம் கைப்பட எழுத வேண்டும் என்பதும் அதன் சாரம். அதன்படி இந்த ஆண்டு முழுவதும், காலத்திலும் விண்வெளியிலும் பயணம் செய்யும் ‘டாக்டர்’ என்ற வேற்றுக்கோள் நாயகனைப் பற்றிய பிரிட்டிஷ் தொடரான ‘டாக்டர் ஹூ’வை மட்டும் எடுத்துக்கொண்டு, உறுப்பினர்கள் விலை கொடுத்து வாங்கிய வட்டுகளின் துணையுடன் மாதம் ஒரு கூட்டம் நடத்தினோம். ஆங்கிலப் பேச்சைத் தொடர்வதில் சிரமப்படும் உறுப்பினர்களுக்காக ஒவ்வொரு கதைக்கும் தமிழில் சுருக்கம் எழுதி முன்கூட்டியே கொடுத்தோம். இப்பணியைச் செய்த இளைஞர்களுக்குச் சங்கம் கடமைப்பட்டுள்ளது.

1963 நவம்பர் 23 அன்று பிபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய இத்தொடர், 1989 டிசம்பரில் நின்று, 1996இல் ஒரே ஒரு தொலைக்காட்சிப் படமாக வந்து, 2005 மார்ச்சில் மீண்டும் உயிர்பெற்றது. முதல் நாயகரான வில்லியம் ஹார்ட்னெல் 1966இல் விலகியபோது, நாயகனின் உடலே மாறிப் புது ஆளாக எழுவான் என்று கதைக்குள்ளேயே வழி செய்து பேட்ரிக் ட்ரௌட்டனைக் கொண்டுவந்தார்கள். இதைக் கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்று ஓர் உறுப்பினர் எழுத, கூடு பாய்கிறவர் வேறோர் உடலுக்குள் புகுகிறார், இங்கே அதே உடல்தான் உருமாறுகிறது என்று மூத்த உறுப்பினர் ஒருவர் அதன் கீழேயே திருத்தி எழுதினார். இரண்டும் பதிவேட்டில் அப்படியே இருக்கின்றன.

முதல் கூட்டத்தில் தொடரின் முதல் கதையைப் பார்த்தோம். அதை இயக்கிய வாரிஸ் ஹுசைன் 1938இல் லக்னோவில் பிறந்தவர் என்பதைப் பலர் அன்றுதான் அறிந்தார்கள். தொடரின் முதல் தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட் ஒரு பெண் என்பதும் பலருக்குப் புதிய செய்தி. பள்ளி மாணவி ஒருத்தியின் மர்மத்தைத் தேடி இரு ஆசிரியர்கள், காவல் துறைத் தொலைபேசிப் பெட்டியின் தோற்றத்தில் நிற்கும் டாக்டரின் காலப்பயண ஊர்திக்குள் நுழையும் முதல் பகுதியை அனைவரும் பாராட்டினார்கள். குகை மனிதரிடையே நடக்கும் அடுத்த மூன்று பகுதிகளைப் பெரும்பாலோர் சலிப்பு என்று எழுதினார்கள். ஆனால் மயிலாடும்பாறைப் பக்கத்து ஆசிரியை ஒருவர் அதை ஏற்கவில்லை. தீ மூட்டும் வித்தையை இழந்துவிட்ட ஒரு கூட்டம், தீயை மீட்டுத் தருகிறவனையே தலைவனாக ஏற்போம் என்று காத்திருப்பதுதான் இக்கதையின் உயிர் என்றும், கற்கால மனிதர் வாழ்ந்த மண்ணில் நின்றுகொண்டு அவர்களைப் பார்த்துச் சலித்துக்கொள்ளத் தம்மால் இயலவில்லை என்றும் அவர் எழுதினார். அதைப் படித்த பிறகு நான் அம்மூன்று பகுதிகளையும் தனியே மறுபடி பார்த்தேன். ஆசிரியையின் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றியது.

ஜூன் மாதக் கூட்டத்துக்கு மிகச் சிலரே வந்தார்கள். மாம்பழப் பருவத்தில் மாங்கூழ் ஆலைகளில் வேலை பார்க்கும் உறுப்பினர்களுக்கு ஓய்வு கிடைப்பதில்லை என்பதை நாம் அறிவோம். இனி அம்மாதக் கூட்டத்தைத் தள்ளிவைக்க வேண்டும் என்பது செயற்குழுவின் கருத்து. எனினும், வந்திருந்த சிலரைக் கொண்டு நடத்திய அக்கூட்டமே இவ்வாண்டின் மறக்க இயலாத கூட்டமாக அமைந்தது. 1964இல் ஒளிபரப்பான ‘மார்கோ போலோ’ கதையை அன்று எடுத்துக்கொண்டோம். அதன் ஏழு பகுதிகளில் ஒன்றின் காட்சிகூட நாம் பார்க்கக் கிடைக்கவில்லை. ஒளிநாடாக்கள் விலை உயர்ந்தவை என்பதால் பழைய நிகழ்ச்சிகளை அழித்துவிட்டு நாடாக்களை மீண்டும் பயன்படுத்துவதும், மறுஒளிபரப்பு உரிமை முடிந்தபின் வெளிநாட்டு விற்பனைக்கென எடுத்த படச்சுருள்களையும் கழித்துவிடுவதும் அக்காலத்தில் வழக்கமாக இருந்தன. ஒளிபரப்பான அன்று வீட்டுத் தொலைக்காட்சியின் ஒலியைப் பதிவு செய்து வைத்த ரசிகர்களால்தான் அதன் ஒலி முழுமையாகக் கிடைத்திருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு, நிழற்படங்களை மட்டும் திரையில் மாற்றிக்கொண்டு அந்த ஒலியைக் கேட்டோம்.

நம் இரு மாவட்டங்களிலும் வயல்வெளியிலும் ஏரிக்கரையிலும் நடுகற்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். எழுத்துத் தேய்ந்துபோன கல்லில் வீரன் ஏந்திய வில்லும் அவன் மீட்ட ஆநிரையும் மட்டும் தெரிய, மீதிக் கதையை ஊரார் வாய்மொழியாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். அன்றைய அனுபவம் அதைப் போன்றது என்று ஒரு கல்லூரி மாணவர் எழுதியிருந்தார். இப்பதிவேட்டில் எனக்கு மிகவும் பிடித்த வரி அது.

காணாமல் போன கதைகளைப் பற்றிப் பேசும்போது கருத்துகள் எவ்வாறு உருவாகின்றன என்ற கேள்வியும் எழுந்தது. ஹாங்காங்கிலிருந்து 1990களின் தொடக்கத்தில் மீண்டும் கிடைத்த ‘தி டூம் ஆஃப் தி சைபர்மென்’ கதையை, அது வரும் வரை நினைவிலிருந்தே ரசிகர்கள் உச்சியில் வைத்திருந்தார்கள். கண்ணால் பார்த்த பிறகு குறைகளைச் சுட்டுவோரும் தோன்றினார்கள். ‘தி எனிமி ஆஃப் தி வேர்ல்ட்’ கதைக்கு நேர்ந்தது இதற்கு மாறானது. ஆறு பகுதிகளில் ஒன்று மட்டுமே மிஞ்சியிருந்தபோது அதை எவரும் பெரிதாகப் பேசவில்லை. 2013இல் நைஜீரியாவிலிருந்து ஏனைய ஐந்தும் கிடைத்ததாக அறிவிக்கப்பட்டு முழுக்கதையும் வெளிவந்தபோது, நாயகன், வில்லன் என இரு வேடங்களில் ட்ரௌட்டன் காட்டியிருக்கும் வேறுபாட்டை உலகமே வியந்தது. முழுமையாகப் பார்த்த பின்பே கருத்து என்ற நம் தீர்மானத்தைக் கடுமையானது என்று குறைசொன்ன உறுப்பினர்கள், இவ்விரு கதைகளையும் அடுத்தடுத்துப் பார்த்த பிறகு தம் மறுப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டதை நன்றியுடன் குறிப்பிடுகிறேன்.

பிரிட்டனில் இத்தொடருக்கென வெளிவரும் இதழ் நடத்திய வாக்கெடுப்பில் 1998இல் ‘ஜெனிசிஸ் ஆஃப் தி டாலெக்ஸ்’ கதையும், 2009இல் ‘தி கேவ்ஸ் ஆஃப் ஆண்ட்ரோசானி’ கதையும் முதலிடம் பெற்றன. 2009 வாக்கெடுப்பில் கடைசி இடம் பெற்றது ‘தி ட்வின் டைலெமா’. முதலிடக் கதையும் கடைசி இடக் கதையும் 1984 மார்ச் மாதத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிபரப்பானவை என்பதால், இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதென்று முடிவு செய்தோம். முன்னதில் பீட்டர் டேவிசனின் டாக்டர், தானும் தன் தோழி பெரியும் ஒரே நஞ்சுக்கு ஆளான நிலையில், இருவருக்கும் போதாத மருந்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு விழுகிறார். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த மண்ணைச் சேர்ந்தவர்களுக்கு இக்காட்சியை விளக்க வேண்டியதில்லை. பின்னதில் உருமாறி எழுந்த புதிய டாக்டர், மனம் நிலைகுலைந்து, அதே பெரியின் கழுத்தை நெரிக்கிறார். இதைக் காலம் கடந்தாலும் மன்னிக்க இயலாது என்று மகளிர் உறுப்பினர்கள் அனைவரும் ஒருமித்து எழுதினார்கள். புதிய டாக்டராக வந்த கோலின் பேக்கரின் நடிப்பைக் குறைசொல்லாமல், அக்காட்சியை எழுதியவர்களையும் அனுமதித்தவர்களையுமே கேள்வி கேட்க வேண்டும் என்று அவர்கள் பிரித்துச் சொன்னதைப் பாராட்டுகிறேன்.

‘ஜெனிசிஸ் ஆஃப் தி டாலெக்ஸ்’ பற்றிய விவாதம் இரண்டு கூட்டங்களுக்கு நீண்டது. டாக்டரின் கொடிய பகைவர்களான டாலெக்குகளை முழு வளர்ச்சி அடையும் முன்பே அழித்துவிடும் வாய்ப்புக் கையில் இருக்கும்போது, இரு மின்கம்பிகளை இணைக்கத் டாக்டராக வரும் டாம் பேக்கர் தயங்கி நிற்கும் காட்சி அனைவரும் அறிந்ததே. அத்தயக்கம் அறத்தின் வெளிப்பாடு என்றார்கள் ஒரு சாரார். வருங்காலத்தில் மடியப்போகும் கோடிக்கணக்கானோரின் சார்பில் தயங்க அவருக்கு என்ன உரிமை என்றார்கள் மறு சாரார். வாக்கெடுப்பு நடத்தும்படி சிலர் கோரினார்கள். நான் உடன்படவில்லை. இத்தகைய கேள்வியில் எந்தப் பக்கம் எத்தனை பேர் என்று எண்ணிப் பயன் இல்லை என்பதே என் உறுதியான எண்ணம். இரு தரப்பு வாதங்களையும் முழுமையாக எழுதிவைத்தோம். பதிவேட்டில் மிக அதிகமான பக்கங்களை எடுத்துக்கொண்டது இக்கதையே.

1977இல் வந்த ‘தி டேலன்ஸ் ஆஃப் வெங்-சியாங்’ குறித்து வருத்தத்துடன் சில சொற்கள். ராபர்ட் ஹோம்ஸின் உரையாடலும் பழைய லண்டனின் காட்சியமைப்பும் பல ஆண்டுகளாகப் போற்றப்படுபவை. ஆனால் முதன்மையான சீனக் கதாபாத்திரத்தில் வெள்ளைக்கார நடிகர் ஒருவரை ஒப்பனையிட்டு நடிக்க வைத்ததையும், சீனரைப் பற்றிய வசைகள் கண்டிப்பின்றிக் கடந்து செல்வதையும் நம்மால் ஒதுக்கிவிட முடியவில்லை. அக்காலத்து வழக்கம் அது என்று வாதிட்டவர்களுக்கு, திரையில் நம்மவரின் கறுப்பு நிறம் எவ்வாறு காட்டப்படுகிறது என்பதை நினைவூட்டி ஓசூர் உறுப்பினர் ஒருவர் விடையளித்தார். அன்று குரல்கள் உயர்ந்தன. இரு உறுப்பினர்கள் இடையிலேயே எழுந்து சென்றார்கள். மறுமாதமே அவர்கள் திரும்பி வந்தது சங்கத்துக்கு மகிழ்ச்சி.

ஆண்டின் பிற்பகுதியில் 2005க்குப் பிந்திய கதைகளுக்கு வந்தோம். ‘பிளிங்க்’ பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதைப் பிடிக்கவில்லை என்று எழுதியவர் எவரும் இலர். 2015இல் வந்த ‘ஹெவன் சென்ட்’ கதையில் டாக்டராக வரும் பீட்டர் கபால்டி ஏறத்தாழத் தனி ஒருவராகவே நடிக்கிறார். வைரத்தினும் கடினமான சுவரைக் கையால் குத்திக் குத்தி, நானூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலாக மடிந்து மடிந்து பிறந்து உடைக்கிறார். மலையில் அலகு தீட்டும் பறவையின் கதை அதில் வருகிறது. பௌத்த நூல்களில், ஒரு யோசனை (பழங்கால நீள அளவு) உயரமுள்ள கல்மலையை நூறாண்டுக்கு ஒரு முறை காசித்துணியால் தடவி, அது தேய்ந்து தீர்ந்தாலும் ஒரு கற்பம் என்னும் ஊழிக்காலம் முடியாது என்று வரும் உவமையை ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எடுத்துக்காட்டி, அங்கே காலத்தின் நீளத்தைச் சொல்ல வந்த உவமை இங்கே துக்கத்தின் நீளத்தைச் சொல்கிறது என்று விளக்கினார். தோழியை இழந்த மனிதனின் கதை அது என்பதை அதுவரை நான் சரியாக உணர்ந்திருக்கவில்லை.

2018 நவம்பர் 11 அன்று ஒளிபரப்பான, வினய் பட்டேல் எழுதிய ‘டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்’ நம் இறுதிக் கதை. இந்தியா-பாகிஸ்தான் எல்லைக்கோடு வெளியிடப்பட்ட 1947 ஆகஸ்ட் 17ஐ ஒட்டிய நாள்களில், உம்பிரீன் என்ற முஸ்லிம் பெண்ணுக்கும் பிரேம் என்ற இந்து இளைஞனுக்கும் நடக்கும் திருமணமே கதை. வேற்றுக்கோளினராக வரும் தீஜாரியர்கள் கொலைகாரர்கள் என்று நாம் எண்ணியிருக்க, யாரும் அருகில் இன்றி மடிகிறவர்களுக்குச் சாட்சியாக நிற்க வந்தவர்கள் என்று தெரிகிறது. அன்பான மணமகன் பிரேம் உலகப் போரில் உயிர் தப்பி வந்தவன். அவன் முடிவுக்குத் தன் சொந்தத் தம்பியே காரணமாகிறான். டாக்டரால் எதையும் மாற்ற இயலாத இக்கதையை, நாயகர் செயலற்று நிற்கிறார் என்று சிலர் குறைசொன்னார்கள். படப்பிடிப்பு ஸ்பெயினில் நடந்ததால் நிலம் பஞ்சாபைப் போல இல்லை என்று ஓர் உழவர் குறித்திருந்தார். அது சரியான கருத்தே. பிரிவினையின் வலி தெற்கே நமக்குப் பாடநூலில் மட்டும் வந்த ஒன்று என்பதால், இக்கதை தம்மை வெட்கமுற வைத்தது என்று எழுதியவர்களும் உண்டு. அன்று கூட்டம் முடிந்தும் நெடுநேரம் எவரும் எழவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். வழக்கமாகக் கூடும் அரங்கம் ஆண்டின் இடையில் முன்னறிவிப்பின்றி மறுக்கப்பட்டதால் ஒரு கூட்டம் நடைபெறவில்லை. அதன்பின் உறுப்பினர் ஒருவர் தம் வீட்டு மாடியைத் தந்து உதவினார். பதிவேட்டில் பள்ளி மாணவர்களின் கருத்துகள் மிகக் குறைவு. பெரியவர்கள் எழுதி முடித்த பிறகே பதிவேடு அவர்கள் கைக்குப் போனது இதற்குக் காரணம் என்று கருதுவதால், வரும் ஆண்டில் முதலில் மாணவர்களே எழுத வேண்டும் என்று முன்மொழிகிறேன். இரண்டாவது பதிவேடு வாங்குவதற்கும், முதற்பதிவேட்டைப் படியெடுத்து இரு மாவட்ட உறுப்பினர்களும் இரவல் பெறும்படி வைப்பதற்கும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். சுருக்கம் எழுதியவர்களுக்கும், வட்டுகள் தந்தவர்களுக்கும், மாடியைத் தந்த உறுப்பினரின் குடும்பத்தாருக்கும் நன்றி கூறி, இவ்வறிக்கையை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்